மேஸ்திரி மூச்சைக் கவனித்தார்

லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து நெல் மூட்டைகளின் மேல் ஏறி நின்றபோது, மேஸ்திரி முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனித்தார்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு அவரைக் கவனித்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவர் போடும் சத்தத்தில் காவாந்தண்டலம் ஏரியில் கொக்கு பறக்கும். லாரி டிரைவரும் திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றார். ஒன்றும் வராததால் பயந்துபோய், "நெஞ்சு வலிக்குதா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"கோபம்... கோபம்... கோபம்..." என்றார் முனிரத்தினம்.

கோபம் வந்தால் விரட்டக் கூடாது, அதன் பேரை மனசுக்குள் சொல்லிக் கவனித்தால் தானே போய்விடும் என்பது பாடம். தெருக்கோடி புத்த விகாரையில் தியானம் சொல்லித்தரும் வேதகிரி அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் மனசுக்குள் பேசுவது முனிரத்தினத்துக்குப் பிறவியிலிருந்தே பழக்கமில்லை.

இந்தத் தண்டனை மகள் நிஷாவுக்காக. அவளைப் பெண் பார்க்க வந்தவர்களோடு சண்டை போட்டுத் துரத்திவிடுவது அப்பாவின் வாடிக்கை. ஒருத்தர் காயவைத்த நெல்லின் மேல் பைக்கை நிறுத்தினார். இன்னொருத்தர் பெண்ணின் நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னார். இவரைத் துரத்தியது நியாயம்தான் என்று நிஷாவே ஒப்புக்கொள்வாள்.

இப்போது தென்னேரியிலிருந்து பாண்டியன் என்று ஒரு வரன். போனில் பேசிப் பேசி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"நைனா, அவுங்க வூட்ல யாருமே குரல ஒசத்திப் பேச மாட்டாங்களாம். நீ கத்துனா ஓடியே பூடுவாங்க. இதுவும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று கண்ணீர் விட்டாள். மகள் அழுதால் முனிரத்தினத்துக்குத் தாங்காது. அன்றே விகாரையில் போய்ச் சேர்ந்தார்.

வேலை செய்யும் இடத்தில் தியானம் செய்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று மனைவி திலகா சொன்னதால், மறுநாள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அந்தத் தெருவில் கண்ணை மூடி அசையாமல் உட்காருகிற ஆம்பிளை என்றால் ஒன்று தூங்குகிறவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறி சொல்கிறவராக இருக்க வேண்டும். அவர் தூங்கவில்லை என்று குறட்டை வராததிலிருந்தே தெரிந்தது. எதிர்வீட்டு மங்கம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்து, காணாமல்போன தன் ஆடு எங்கே என்று கேட்டாள்.

முனிரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாம் தானாக வரும், தானாகப் போகும் என்று படித்த பாடத்தைச் சொன்னார். ஊரில் உள்ள எல்லா ஆட்டையும் போல அந்த ஆடும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. விடிந்தபோது வாசலில் வரிசை நின்றது.

திலகா தலையில் அடித்துக்கொண்டு அவரை ஏரிக்கரைக்கு விரட்டினாள். அங்கே நடைத் தியானம் செய்தார். காலைத் தூக்கி, நகர்த்தி, வைத்து, பார்வையைத் தரையிலேயே நிறுத்தி, நத்தை மாதிரி நடந்தார். கொஞ்ச நேரத்தில் பாதித் தெரு குனிந்துகொண்டு கூடவே வந்தது. மேஸ்திரி மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் என்று முதலில் சொன்னார்கள். வெயில் ஏற ஏற அது தங்கச் சங்கிலி ஆயிற்று.

"நான் ஒண்ணும் தொலைக்கல. மனசத்தான் தேடிக்கினு கீறேன்" என்றார் அவர்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பெண் பார்க்க வருகிற சமயத்தில் அப்பனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. நிஷா இரண்டு வேளை சாப்பிடவில்லை.

வேதகிரியிடம் போய் நின்றார். இனி அன்புத் தியானம் மட்டும் போதும் என்றார் அவர். யார் என்ன செய்தாலும் அவர் நலமாக இருக்கட்டும் என்று நினைக்க வேண்டும், சிரித்த முகம் மாறக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தரகர் சாமுவேல் தென்னேரிக்காரர்களை அழைத்து வந்தார். பாண்டியனின் அப்பா ஒல்லியான மனிதர். வந்ததும் பைக்கை நேராகக் காயும் நெல்லின் மேல் ஏற்றி நிறுத்தினார். இடம் இருந்தது, இருந்தும் அங்கேயே நிறுத்தினார்.

நலமாக இருக்கட்டும் என்று நினைத்து முனிரத்தினம் சிரித்தார்.

பஜ்ஜி வேகவில்லை என்றார் வந்தவர். காபி கழனித்தண்ணி என்றார். சொல்லும்போது அவருக்கே குரல் நடுங்கியது. பக்கத்திலிருந்த அவர் மனைவி முழங்கையால் இடிக்க, எச்சிலை விழுங்கிக்கொண்டு, "உத்திரமேரூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு மரியாத தெரியாதாமே?" என்று கேட்டுவிட்டு, முனிரத்தினத்தின் முகத்தையே ஆவலாகப் பார்த்தார்.

முனிரத்தினத்தின் நெற்றி நரம்பு புடைத்தது. கதவிடுக்கில் நிஷா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். அவர் மூச்சை இழுத்து விட்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

வந்தவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். நிஷா ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். திலகா அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். தன் வாழ்நாளில் இத்தனை பெரிய மூட்டையைத் தூக்கியதில்லை என்று முனிரத்தினத்துக்குத் தோன்றியது.

சாயங்காலம் சாமுவேல் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். அவர்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமாம். நிஷா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் ஒரு வார்த்த கூட கத்தலியேய்யா" என்றார் முனிரத்தினம்.

"அதான் மேஸ்திரி பேஜாராப் போச்சு" என்றார் சாமுவேல். "பங்காளி அவுங்க நெலத்த வளைச்சிப் போட்டுக்கினு கீறான். அந்த வூட்ல எதுத்துக் கேக்க ஒரு ஆளு கெடையாது. நல்லாக் கத்துற சம்பந்தியா ஒருத்தர் வேணும்னு கேட்டாங்கன்னுதான் உங்க வூட்டுக்கே கூட்டியாந்தேன்."