பின்சீட்டுப் பட்டன்

தனக்கு எதிராகத் தானே பூட்டுச் செய்து, அதைத் தானே உடைத்து, ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் தானே கைதட்டிக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலேசியாவின் கிள்ளானில், எங்கள் கடை வரிசையின் கோடியில் கார் வயரிங் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த டைனமோ அங்கிள்.

அது எண்பதுகளின் தொடக்கம். காலையில் அவரைப் போல ஒழுங்கான மனிதரைப் பார்க்க முடியாது. சாயங்காலம் சம்சு என்ற மலிவுச் சாராயம் உள்ளே போனதும் அவருக்குள்ளிருந்து வேறொருவர் வந்துவிடுவார். தன் பச்சைக் காரை எடுத்துக்கொண்டு காப்பார் சாலையில் பறப்பார். மறுநாள் காலை அங்கிள் தலையில் அடித்துக்கொள்வார். "சாயங்காலம் வர்றானே, அவன் கையில காரைக் குடுக்கவே கூடாது லா!" என்று சொல்லிவிட்டு, டேஷ்போர்டைக் கழற்றி ஏதாவது பொருத்துவார்.

முதலில் ஒரு ரகசிய சுவிட்ச். சாயங்காலத்தவர் கண்ணை மூடிக்கொண்டே அதைத் தட்டினார். வைத்த கையும் அவருடையதுதானே! அடுத்து, வண்ண வண்ண பல்புகள். அவை எந்த வரிசையில் எரிகின்றனவோ அதே வரிசையில் பட்டன்களை அழுத்தினால்தான் வண்டி கிளம்பும். போதையில் வரிசை மறந்துவிடும் என்பது திட்டம். சாயங்காலத்தவர் ஆர்மோனியம் வாசிப்பதுபோல வாசித்துவிட்டுப் போனார்.

காலை அங்கிள் சளைக்கவில்லை. அதே கருவியை எதிர்வீட்டு ரிட்டயர்ட் கிளார்க்கின் காரில் பொருத்திப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சோடாவையே சந்தேகத்தோடு பார்ப்பவர். பட்டு வேட்டி கட்டிக் கோயிலுக்குக் கிளம்பியவர், பூஜை முடிகிற நேரத்தில் வியர்த்து வழிய ஒர்க்‌ஷாப்புக்கு நடந்து வந்தார்.

"நான் தேத்தண்ணியைத் தவிர வேற ஒண்டும் குடிக்கிறேல்லை. உம்மட லைட்டு என்னைக் குடிகாரன் எண்டு சொல்லுது!"

"கண்ணாடி போட்டுக்கிட்டு அழுத்துங்க சார்."

"கண்ணாடியோடதான் ஐசே அழுத்தினனான்!"

நான் அப்போது பெட்டாலிங் ஜெயாவில் எலக்ட்ரிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். கார்களைப் பற்றி எல்லாம் தெரியும்; ஓட்டத்தான் தெரியாது. விஞ்ஞானம் இந்த மனிதரைக் காப்பாற்றியே தீரும் என்று நம்பினேன்.

"அங்கிள், குடிச்சா உங்களால செய்ய முடியாத வேலை ஒண்ணு சொல்லுங்க. அதை வச்சுப் பூட்டுப் பண்ணிடலாம்."

"குடிச்சா எனக்கு எல்லாமே நல்லா வருது தம்பி. அதானே பிரச்சினை."

ஒரு சாயங்காலம் பச்சைக் கார் சாலையோரச் சாக்கடையில் இறங்கியது. அங்கிளுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, எங்கள் ஆன்டிக்குக் கை முறிந்தது.

மாவுக்கட்டோடு ஆன்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அங்கிள் செய்த கருவியில் பல்பு இல்லை, ரகசியம் இல்லை. பின்சீட்டில் ஒரே ஒரு பட்டன். பின்னால் ஒருவர் அதை அழுத்திக்கொண்டிருந்தால்தான் முன்னால் சாவி வேலை செய்யும். டிரைவரின் கை அங்கே எட்டாது.

அன்றிலிருந்து ஆன்டி பின்சீட்டு மகாராணி. "டத்தின் கிளம்பிட்டாங்க!" என்று, டத்தோ பட்டம் வாங்கியவரின் மனைவிக்கு எழுவதுபோல, காப்பிக் கடையே எழுந்து நிற்கும். அங்கிள் முன்சீட்டிலிருந்து திரும்பி, ஆன்டியின் முகத்துக்கு நேரே ஊதுவார். வாசனை இல்லாவிட்டால் பட்டன். இருந்தால் ஆன்டி பட்டனிலிருந்து கையை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கீழே இறங்கிவிடுவார்.

சாயங்காலத்தவர் அந்த வயரை எப்போது வெட்டுவார் என்று காப்பிக் கடையில் எல்லோரும் காத்திருந்தோம். ஒருநாள் கட்டிங் பிளேயரோடு வந்தார். பின்கதவைத் திறந்து வெறும் சீட்டைப் பார்த்தபடி நின்றார். கதவை மெல்லச் சாத்திவிட்டுத் தள்ளாடியபடி வீட்டுக்கு நடந்தார்.

"ஏன் அங்கிள் வெட்டலை?" என்று மறுநாள் காலை கேட்டேன்.

"வெட்டிட்டா அவ சும்மா உக்காந்திருக்கிற மாதிரி ஆயிடும்டா."

சில வருஷங்களில் ஆன்டி நோயில் போய்விட்டார். பச்சைக் கார் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றது. பேட்டரிக்கு மட்டும் வாரா வாரம் சார்ஜ் ஏற்றுவார். எங்கே போனாலும் பஸ்தான். சாயங்காலத்தவர் இப்போது மத்தியானமே வர ஆரம்பித்திருந்தார்.

வேலை கிடைத்து நான் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கிள் வெள்ளைச் சட்டையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பந்திங்கில் மகள் வீட்டில் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்களாம்.

"பேத்தி முன்னால கார்ல போய் இறங்கணும்டா தம்பி."

"நான் அழுத்துறேன் அங்கிள்."

இன்னும் கார் ஓட்டத் தெரியாத நான் பின்சீட்டில் ஏறிப் பட்டனில் கை வைத்தேன். அவர் சாவியைப் போட்டார். திருப்பவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பி, நான் கேட்காமலே, ஊதினார்.

கிராம்பு வாசனை. அதற்கடியில் சம்சு.

நான் கையை எடுத்துவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். "அவளும் இப்படித்தான், டக்குனு எடுத்துடுவா," என்றார்.

பந்திங் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அந்த மூச்சு வழியெல்லாம் என் முகத்தில் பட்டுக்கொண்டே வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.