எட்டு மணி மெசேஜ்

அம்மா இறந்து பத்தாவது நாள். காலை எட்டு மணிக்கு, அலமாரியின் மேல் இருந்த அம்மாவின் போன் 'டிங்' என்றது.

"மாத்திரை போட்டியாம்மா?"

அனுப்பியது மகன். அந்த மகனோ அதே வீட்டில், குளியலறை வாசலில், வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஐயையோ!"

விஷயம் இதுதான். நம்மாள் புரோகிராமர். ஆபீஸில் நாள் முழுக்க புரோகிராம் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதையே எழுதுகிற ஜென்மம். கேட்டால், "சும்மா, கத்துக்கறதுக்கு" என்பான். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல ஒன்று, துவைத்த துணியை எடுக்கச் சொல்ல ஒன்று என்று பதினேழு ஆரம்பித்தான். உருப்படியாக முடித்தது இந்த ஒன்றைத்தான். தினம் எட்டு மணிக்கு அம்மாவுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும். வீட்டு ஆட்கள் யார் என்ன எழுதினாலும் பாசமாகப் பதில் போடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகச் செய்தது, நாலு வருஷமாகப் பிள்ளை வேலை பார்த்துவிட்டது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அதற்கு மூன்று வாரம் லீவு கொடுத்திருந்தான். இன்றைக்கு லீவு முடிந்து டாண் என்று வேலைக்கு வந்துவிட்டது.

ஹாலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசி அதே நாலு வருஷம். சண்டைக்கான காரணம் இருவருக்குமே சரியாக ஞாபகமில்லை, வீம்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

"அவன் காபி ஆறிப்போகுதுன்னு சொல்லு" என்றார் அப்பா, சமையல்கார அக்காவிடம்.

"அவர் காதுல விழுந்திருச்சுங்கய்யா" என்றாள் அவள்.

வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பக் கிளம்புவதற்குள் அப்பாவிடம் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்று பத்து நாளாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். பெற்ற தாயிடம் பேச மெஷின் வைத்தவன் என்று தெரிந்தால் அவர் இந்த ஜென்மத்தில் முகம் கொடுக்க மாட்டார். மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான்.

அம்மாவின் போனிலிருந்து "போட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் புரோகிராம் அடங்கிவிடும். ஆனால் போனில் பூட்டு. மூன்று தடவை கோலம் போட்டுப் பார்த்தான், திறக்கவில்லை. அலமாரிக்குள் அம்மாவின் துணிகளுக்கு அடியில் போனைச் செருகினான். அந்தத் துணிகளில் இன்னும் அவள் வாசனை இருந்தது. அழ நேரமில்லை.

பத்து நிமிஷம் பதில் வராததால் புரோகிராம் கவலைப்பட்டது. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எழுதியது: "அம்மா பதில் போடலை. யாராவது உடனே போய்ப் பாருங்க."

சித்தி பதறிப்போய் எழுதினாள்: "டேய், அக்கா செத்து பத்து நாளாச்சேடா! உனக்கு என்னடா ஆச்சு?"

புரோகிராம் உடனே பதில் போட்டது: "சரி சித்தி. நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. சாயங்காலம் பேசறேன்."

அடுத்த நிமிஷம் சித்தியே கூப்பிட்டாள். "கண்ணா, பக்கத்துல யாராவது இருக்காங்களா? தனியா இருக்காதடா!"

"நான் நல்லா இருக்கேன் சித்தி, அது நான் இல்ல!"

"ஐயோ, பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே!"

லாப்டாப்பைத் திறந்தான். அவசரத்தில் நிறுத்த வேண்டிய வரிக்குப் பதிலாக வேறு வரியை மாற்றித் தொலைத்தான். புரோகிராம் நின்றது, ஒரு மூச்சு விட்டது, நாலு வருஷத்து மெசேஜ்களையும் முதலிலிருந்து அனுப்ப ஆரம்பித்தது.

அலமாரிக்குள் டிங். டிங். டிங். டிங்.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். துணிகளை விலக்கிப் போனை எடுத்தார். விரலால் ஒரு இழுப்பு, பூட்டு திறந்துகொண்டது. நின்றபடியே படித்தார். ஆயிரத்துச் சொச்சம் "மாத்திரை போட்டியாம்மா?" ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரு எழுத்துகூட மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் நீ எழுதினது இல்லையா?"

நாலு வருஷத்தில் அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"இல்லப்பா. மெஷின்."

"சாப்பிட்டாச்சும்மா, நீ கவலைப்படாதேன்னு வருமே... அதுவும்?"

"அதுவும்தாம்பா."

அப்பா போனைக் கட்டிலில் வைத்தார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

நம்மாள் அந்தப் போனை எடுத்துப் பழைய பதில்களைப் படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "அம்மாவை ஏமாத்திட்டேன்க்கா. அவ ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு ஆசையா பதில் எழுதியிருக்கா தெரியுமா? கண் முழிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடுன்னு... நான் அப்ப ஒண்ணுகூடப் படிக்கலை. கடைசிவரைக்கும் ஒரு மெஷின்கிட்ட பேசிட்டே போயிட்டாக்கா."

சமையல்கார அக்கா அவனையும் பால்கனிக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மாவுக்குப் போன்ல பச்சை பட்டனை அமுக்கிப் பேசறதைத் தவிர ஒண்ணும் தெரியாதே தம்பி, உங்களுக்குத் தினம் பதில் எழுதினது அய்யாதான்."