ஒரு வருசப் பனியன்

எனக்குக் கருத்து சொல்லாமல் இருக்க வராது. பல்வலியைக்கூட இரண்டு நாள் பொறுத்துக்கொள்வேன். மனதில் தோன்றிய கருத்தை டீ ஆறும்வரை பொறுக்க மாட்டேன். இதை இன்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன் என்றால், படவேண்டிய வெட்கத்தையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன் என்று பொருள்.

அப்போது நான் அவிநாசிபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு கோயமுத்தூர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலைக்கு நடுவே, திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் கூடும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் தினம் ஒரு கேள்வியைப் போடுவேன். தக்காளிச் சட்னிக்கு வெங்காயம் தேவையா? பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தும் உரிமை யாருக்கு? கல்யாண வீட்டில் முதல் பந்தி நல்லதா, மூன்றாம் பந்தி நல்லதா? இப்படி நாட்டுக்கு மிக அவசியமான விவாதங்கள். ஏழெட்டு லைக் விழும். அதில் இரண்டு என் அம்மாவுடையது (பாஸ்வேர்டு மறந்துபோனதால் அம்மாவுக்கு இரண்டு கணக்கு).

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வியாழக்கிழமை, வெளியே போய்விட்டு வந்த அப்பா, உடம்போடு ஒட்டிப்போன பனியனை உரித்தெடுக்கப் படாத பாடு பட்டார். தலை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது, கை இன்னொரு பக்கம். நான் உதவிக்குப் போயிருக்கலாம். போனை எடுத்தேன்.

"இந்த வெயிலில் சட்டைக்குள் பனியன் எதற்கு? யாராவது உருப்படியாக ஒரு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம்!"

போட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே போனேன். யாரிடம் கேட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பாருங்கள். பனியனால் சோறு தின்கிற ஊரில், அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே இருக்கிற குழுவில், பனியன் எதற்கு என்று கேட்டுவிட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டிருந்தது. முதலில் திட்டுகள். அவை பழக்கம்தான். அதன்பிறகு வந்தவைதான் என்னை உட்கார வைத்தன. தோளில் பையின் வார் அறுக்காமல் இருப்பதே பனியனால்தான் என்று ஒரு பஸ் கண்டக்டர் எழுதியிருந்தார். நிக்காஹ் வீடுகளில் பிரியாணி ஆக்கும் ஒரு பாய், தம் போடும்போது மார்பில் அடிக்கும் அனலை விவரித்து, "நீங்க ஒருக்கா பக்கத்துல வந்து நில்லுங்க தம்பி" என்று அன்போடு அழைத்திருந்தார். பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு வடநாட்டுப் பையன் இந்தியில் எழுதியதை யாரோ தமிழாக்கிப் போட்டிருந்தார்கள்: "லீவுக்கு ஊருக்குப் போகும்போது ரயிலில் யாராவது பனியனோடு படுத்திருந்தால், நான் மடித்து வைத்ததாக இருக்குமோ என்று பார்ப்பேன்." ஒரு அம்மா, இறந்துபோன தன் கணவரின் பனியனில்தான் இன்றும் மூக்குக்கண்ணாடி துடைப்பதாக எழுதியிருந்தார். நான் முறுக்கை மெல்வதை நிறுத்திவிட்டேன். விளையாட்டாக எழுதிய ஒரு வரிக்கு, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து பிய்த்துப் பிய்த்துப் பதில் தந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு பேர் இருக்கிறார்களா அந்தப் பக்கம் என்று பிரமிப்பாக இருந்தது.

அந்தப் பிரமிப்பின் உச்சத்தில்தான் அன்னப் பறவைப் படம் வைத்த ஒரு கணக்கிலிருந்து அந்தக் கமெண்ட் வந்தது.

"நல்ல கேள்விங்க தம்பி. வர்ற ஞாயித்துக்கிழமை நம்மூட்டுக்கு வர்றீங்கல்லங்க? அப்பக் காரணம் சொல்றனுங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் போகவேண்டிய வீடு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அருள்புரத்தில் சுகன்யா வீடு.

முந்தின வாரம்தான் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவள் அப்பா, "சின்னதா ஒரு கம்பெனி வச்சிருக்கறனுங்க" என்றார். எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு கம்பெனிமேல்தான் விழும் என்பதால், என்ன கம்பெனி என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. "சும்மா இருக்கறப்ப என்னங்க பண்ணுவீங்க?" என்று சுகன்யா கேட்டதும், "ஃபேஸ்புக்கில் கருத்து சொல்வேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆயுள் முழுக்கப் பார்க்கவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஞாயிறன்று உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்வதாக ஏற்பாடு.

அந்த அன்னப் பறவைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். பக்கம் முழுக்கப் பனியன். பெட்டி பெட்டியாக, அன்னப் பறவை போட்ட ஆண்கள் பனியன்.

அம்மாவிடம் ஓடினேன். அம்மா இரண்டு கணக்கிலிருந்தும் அந்தப் பதிவுக்கு லைக் போட்டு முடித்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, உன்ற கையக் கொண்டுபோய் அடுப்புல வெக்கக் கூடாதா? போ, அவிய பனியனவே ஒண்ணு வாங்கியா. ஞாயித்துக்கிழமை போட்டுட்டுப் போலாம். நெதமும் போடறவன்னு சொல்லிப்போடலாம்."

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனேன். பதற்றத்தில், "வெள்ளைப் பறவை போட்ட பனியன் குடுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துப் போட்டார். படத்தில் நீண்ட கழுத்து, வெள்ளை உடம்பு. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதிது என்று தெரிந்துவிடக் கூடாதே என்று ஞாயிறு விடியற்காலையில் அம்மா அதைத் துவைகல்லில் போட்டு அடிக்கத் தொடங்கினார். துவைப்பது, பிழிவது, மறுபடியும் துவைப்பது. என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் அதன்மேல் இறக்கினார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அருள்புரத்தில் நல்ல வரவேற்பு. கூடத்தில் தட்டுகள், பழம், ஒரு தட்டில் உப்பு, ஒரு தட்டில் சர்க்கரை. சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், எல்லோரும் தொழிலில் இருப்பவர்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே உங்கள் சட்டை நுனியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார்கள். என்ன நூல், என்ன கனம், எந்த ஏரியாவில் சாயம் போட்டது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். (கேட்டால், "கை பழகிப்போச்சுங்க" என்பார்கள்.) நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் சட்டையின் மூன்று மூலைகள் மூன்று பேர் கையில் இருந்தன.

மாமனார் ஆகவேண்டியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் துளியும் இல்லை.

"உங்க கேள்வியப் படிச்சனுங்க மாப்ள. நெம்ப ஜோரா எழுதறீங்க."

"அது… சும்மா விளையாட்டுக்குங்க மாமா. நான் தினமும் பனியன் போடறவன்தானுங்க. இப்பக்கூட உங்க கம்பெனிப் பனியன்தான் போட்டிருக்கேனுங்க" என்றேன்.

முகம் மலர்ந்தது. "அப்படீங்களா! தப்பா நெனச்சுக்காதீங்க" என்று என் காலருக்குள் இரண்டு விரலை விட்டுப் பனியனின் கழுத்துப் பட்டியை வெளியே இழுத்தார். பின்கழுத்து லேபிளைத் திருப்பினார்.

சமையலறை வாசலில் நின்ற சுகன்யா இந்தமுறையும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சிரிக்கவில்லை.

லேபிளில் இருந்தது அன்னம் இல்லை. கொக்கு.

ஒரு சொந்தக்காரர் என் அப்பாவின் காதில் விஷயத்தைச் சொல்ல, அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் பாதி புரிந்தது. கொக்கு, மாமனாரின் கூடப்பிறந்த அண்ணன் கம்பெனி. முன்பு இருவருக்கும் சேர்ந்து ஒரே கம்பெனி, ஒரே அன்னம். ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தம்பி யாரிடமோ போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்: "அண்ணன் புதுசா வெக்கற கழுத்துப் பட்டி பத்துத் துவைப்புத் தாங்காதுங்க." ரசம் வருவதற்குள் அது அண்ணன் இலைக்குப் போய்விட்டது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அடுத்த மாதமே தனிக் கம்பெனி, தனிப் பறவை. பத்து வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆக, ஒரே ஒரு கருத்தால் குடும்பத்தையே பிளந்த ஒருவரின் வீட்டுக்கு, இன்னொரு கருத்தைச் சொல்லிவிட்டு, அந்த அண்ணனின் பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

மாமனார் கழுத்துப் பட்டியை விடவில்லை. விரலில் மாட்டி இழுத்தார், விட்டார். பட்டென்று என் பிடரியில் வந்து ஒட்டியது. மறுபடி இழுத்தார். மறுபடி ஒட்டியது. சுகன்யா போச்சு, சிரிப்பு போச்சு என்று உள்ளே ஒரு குரல் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது.

"இது எத்தனை நாளாப் போடறீங்க மாப்ள?"

நெதமும் போடுகிறவன் என்று சொல்லியாகிவிட்டது. "ஒரு வருசமாங்க" என்றேன்.

"ஒரு வருசமா?"

அம்மாவுக்கு அந்த இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆமாங்க தம்பி! வாரத்துல நாலு நாளைக்கு இதவேதானுங்க. கல்லுல அடிச்சு அடிச்சு என்ற கையே ஓஞ்சு போச்சுங்க!" (கடைசி வாக்கியம் மட்டும் சத்தியமான உண்மை.) அப்பா இருமினார்.

மாமனார் லேபிளை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, "சித்தக் கழட்டிக் குடுங்க மாப்ள" என்றார்.

உள்ளே போய்க் கழற்றிக் கொடுத்தேன். பனியனை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உப்பும் சர்க்கரையும் தட்டில் அப்படியே இருந்தன. நான் கூடத்தின் நடுவே, என் கருத்துப்படியே, சட்டைக்குள் பனியன் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வெறுத்த மாதிரி என் கருத்தை நான் என்றுமே வெறுத்ததில்லை. சம்பந்தம் முறிந்ததா இல்லையா என்றுகூட யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் மெதுவாக, "அந்தப் பனியன வெச்சுட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

கார் திரும்பி வந்தபோது அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். மாமனாரும், அவரைப் போலவே மூக்கும் முன்வழுக்கையும் கொண்ட, கொஞ்சம் மூத்த இன்னொருவரும். பனியன் மூத்தவர் கையில் இருந்தது. சொந்தக்காரர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். சுகன்யாவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றார்.

பெரியவர் உட்காரவில்லை. பனியனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லேபிளைப் பார்த்தார், உள்பக்கத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு வருசம் ஆச்சுங்களா மாப்ள?"

என் வாழ்க்கையில் கருத்து சொல்ல முடியாமல் போன முதல் தடவை அதுதான். சமையலறை வாசலிலிருந்து சுகன்யாதான் பதில் சொன்னாள். "ஆமாங்க பெரியப்பா. ஒரு வருசமாப் போடறாராமுங்க."

"பட்டி அப்படியே நிக்குதுங்ண்ணா. நாந்தான் வாய வெச்சுட்டுச் சும்மா இருக்காம அன்னைக்குச் சொல்லிப்போட்டேன்" என்றார் மாமனார்.

பெரியவர் பனியனை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்பறமென்ன, உப்புச் சர்க்கரைய மாத்துங்கப்பா. வெய்யலாகுதல்ல" என்றார்.

மாற்றினோம்.

கல்யாணம் முடிந்து சில மாதம் வரைக்கும் அந்தப் பொய் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் தாங்கமாட்டாமல் சுகன்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, பறவை, துவைகல், ஒன்றையும் விடவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் குக்கர் சத்தம் கேட்காமல் பருப்பு தீய்ந்தது.

"அது நேத்து வாங்கின பனியன்னு எங்கப்பாவுக்குத் தொட்டவுடனே தெரியுமுங்க. லேபிள்ல ஒரு எழுத்துக்கூட வெளுக்கல. ஒரு வருசம் தொவச்ச வெள்ளை அப்படியா இருக்கும்? பெரியப்பா கையில எடுத்ததுமே அப்பாவப் பாத்தாரே, நீங்க கவனிக்கலீங்களா?"

"அப்புறம் ஏன் ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல?"

"பத்து வருசமா அப்பா ஒரு சாக்குக்குக் காத்துட்டு இருந்தாருங்க. நீங்க போட்டுட்டு வந்து நின்னீங்க."

இருட்டில் தொட்டாலும் நூலைச் சொல்லக்கூடிய இரண்டு பேர், ஒரு வடிகட்டின பொய்யைக் கையில் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்து, உண்மை என்று ஒப்புக்கொண்டு, அதன்மேல் அண்ணன் தம்பி உறவை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நானோ அவர்களை ஏமாற்றிவிட்டதாக மாதக்கணக்கில் வருத்தப்பட்டிருக்கிறேன்! அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வாயடைத்துப்போகிறது. (எனக்கு!)

இன்று எங்கள் குடும்பத்தில் "ஒரு வருசம்" என்றால் அதற்குத் தனி மதிப்பு. சாம்பார் நேற்று வைத்ததா என்று யாராவது கேட்டால், "வெச்சு ஒரு வருசம் ஆச்சுங்க" என்பார்கள். யார் மனதாவது நோகாமல் இருக்க ஒரு பொய் தேவைப்பட்டால், ஒரு விரலைக் காட்டினால் போதும், கூடமே ஆமாம் போடும். தீபாவளி நோம்பிக்கு எனக்கு ஒரு பெட்டி அன்னமும் ஒரு பெட்டி கொக்கும் வந்துவிடும். எந்த நாளில் எந்தப் பறவை என்பதைச் சுகன்யா பார்த்துக்கொள்கிறாள். ஃபேஸ்புக்கில் இப்போது "நல்ல மழை" என்று போடுவதற்குக்கூட வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்.

போன சித்திரையில் சொல்லாமல் அருள்புரம் போயிருந்தேன். மாமனார் வீட்டுக்குப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் வெற்றுடம்போடு, துண்டு மட்டும் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பெரிய மாமாவும் அதே கோலம். என்னைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டார்கள்.

இத்தனை நாள் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். "மாமா, பனியன் எதுக்குன்னு காரணம் சொல்றேன்னீங்களே?"

மாமனார் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இந்த வெய்யல்லீங்களா மாப்ள? நாங்க ஊட்டுல போட்டு ஒரு வருசம் ஆச்சுங்க. அந்தச் செல்போனப் பைக்குள்ள வெய்யுங்க."