டெஸ்டால் அண்ட் சன் போர்டும் என் ஓட்டுநர் உரிமமும்

மதிப்பிற்குரிய மாமா ஆரின் டெஸ்டால் அவர்களுக்கு,

உங்கள் மாஜி மருமகன் லோவல் வணக்கத்துடன் எழுதுவது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், விஸ்கான்சினில், நானும் என் பூனையும் நலம். அந்தப் பக்கம், மினசோட்டாவில், நீங்களும் உங்கள் இடது இடுப்பும் யாரைக் கண்டாலும் உறுமும் அந்த நாயும் நலம் என்று நம்புகிறேன். ஐந்து வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். நினைப்பது சரிதான். எனக்கு ஒரு காகிதம் வேண்டும்.

விஷயம் இதுதான். இங்கே குடிவந்த உடனேயே ஓட்டுநர் உரிமத்தை மாற்றியிருக்க வேண்டும். நானோ சோம்பேறித்தனத்தில் உங்கள் ஊர் அட்டையிலேயே காலம் தள்ளிவிட்டேன். அது வருகிற பதினெட்டாம் தேதியோடு காலாவதி. அதற்குள் இந்த மாநில உரிமம் கைக்கு வராவிட்டால் பேக்கரி வேனைத் தொட முடியாது, முதலாளியம்மா வேறு ஆள் பார்த்துக்கொள்வார், அறுபத்தோரு வயதில் எனக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? அதனால் போன திங்கட்கிழமை தலையை வாரிக்கொண்டு உரிம அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் மார்லிஸ் என்ற அம்மாள். என் பிறப்புச் சான்றிதழையும் பழைய அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏங்க, பொறந்தது லோவல் கிம்மல். வண்டி ஓட்டுறது லோவல் டெஸ்டால். கிம்மலை எங்க இறக்கிவிட்டீங்க?" என்றார்.

"கல்யாணத்துல பேரை மாத்திக்கிட்டேங்க."

"பொண்ணுங்கதானே மாத்துவாங்க?"

"எங்க வீட்ல நான் மாத்திக்கிட்டேன்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அப்புறம் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் இல்லையா, மாட்டேனே! முழுக் கதையையும் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். கார்லா பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே நீங்கள் பையன்தான் என்று முடிவுகட்டி, ரிப்பேர் கடை வாசலுக்கு 'டெஸ்டால் அண்ட் சன்' என்று போர்டு எழுதி மாட்டியதையும், பிறந்தது பெண் என்று நர்ஸ் வந்து சொன்னபோது "பெயின்ட் காஞ்சிருச்சே" என்று நீங்கள் சொன்னதையும், இருபத்தைந்து வருஷம் அந்த போர்டைப் பார்த்த வாடிக்கையாளர்கள் எல்லாம் "சன் எங்கப்பா?" என்று கேட்டதையும் சொன்னேன். கார்லாவைக் கட்டிக்கொள்ள நான் உங்களிடம் வந்து நின்ற அன்று, புல்வெட்டும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போர்டு எழுதியாச்சு, ஆள்தான் வரல" என்றீர்களே, அதையும் சொன்னேன். என் நாலு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போன மனுஷன் எனக்கு விட்டுவிட்டுப் போனது அந்தக் கிம்மல் ஒன்றுதான். அதைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் பெயரை மாட்டிக்கொண்ட அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. மார்லிஸிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கதை நல்லாத்தான் இருக்கு. கல்யாணச் சான்றிதழ் கொண்டாங்க. நெக்ஸ்ட்!" என்றார்.

புதன்கிழமை கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அதில் நீங்கள் அந்தப் பழுப்பு கோட்டில், கல்யாணக் கேக்குக்குப் பக்கத்தில், என் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். "மாமனார் ஜோராத்தான் இருக்கார். ஆனா இது சான்றிதழ் இல்ல, கேக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? முகவரிக்கு இரண்டு சான்று கேட்டார். கரண்ட் பில் வீட்டுச் சொந்தக்காரம்மா பெயரில் இருக்கிறது. மீன்பிடி அனுமதிச் சீட்டை நீட்டினேன், செல்லாது. கடைசியில் பையைத் துழாவி, மிருக வைத்தியரிடமிருந்து தடுப்பூசிக்கு வந்த அஞ்சலட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதில் 'செல்வி மஃபின் டெஸ்டால்' என்று பூனை பெயர் போட்டிருந்தது. என் பூனைக்கு உங்கள் பெயர் இருக்கிறது மாமா, அதனிடம் யாரும் ஒரு சான்றும் கேட்கவில்லை. முகவரிச் சங்கதியை பேங்க் கடிதத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டி எப்படியோ சரிக்கட்டிவிட்டேன். நிற்பது அந்தக் கல்யாணச் சான்றிதழ் ஒன்றில்தான். நகல் கேட்டு எழுதினால் ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். பதினெட்டுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. கல்யாணத்தன்றே அதை வாங்கி, "நீ தொலைச்சிருவே" என்று கடையில் நட்டு போல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காபி டப்பாவில் நீங்கள் போட்டு வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தேடி அனுப்பச் சொல்லி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்த உங்கள் ஊர் வெர்ன் ஒரு சேதி சொன்னான். "உங்க மாமனார் ஏணி மேல ஏறி நிக்கிறாருப்பா, கையில பெயின்ட் டப்பா, போர்டைப் போட்டுத் தேய் தேய்னு தேய்க்கிறார்" என்றான். எனக்குக் கையிலிருந்த ரொட்டித் தட்டு நழுவிவிட்டது. 'அண்ட் சன்' என்பதை அழிக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். நியாயம்தான் மாமா. விவாகரத்து எனக்கும் கார்லாவுக்கும்தானே, உங்களுக்கும் எனக்கும் இல்லையே, ஆனாலும் நான் அத்தனை வருஷம் உங்களோடு கடையில் வேலை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கடைச் சாவியைப் பட்டறை மேசையில் வைத்துவிட்டு வந்தவன். நீங்கள் போன் செய்தபோது எடுக்கக்கூட இல்லை, வெட்கம். கார்லாவே மறுகல்யாணம் ஆகி ஹான்ராட்டி ஆகிவிட்டாள். பெற்ற மகள் விட்டுவிட்ட பெயரை வந்தவன் பிடித்துக்கொண்டு தொங்குவது என்ன முறை? மார்லிஸிடம் கேட்டேன், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரிலேயே வாங்கிக்கொள்வதென்றால் ஒரு சிக்கலும் இல்லையாம், சிரித்த முகத்தோடு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாராம். அதனால் நீங்கள் டப்பாவைத் தேட வேண்டாம். வெள்ளிக்கிழமை போய்க் கிம்மலாகவே வாங்கிக்கொள்கிறேன். மனசு கேட்கவில்லைதான். இருந்தாலும் உங்கள் போர்டு, உங்கள் பெயர்.

குளிர் வருகிறது, இடுப்பில் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனி தள்ளும் மெஷினுக்குப் பழைய பெட்ரோலை ஊற்றாதீர்கள். நாய்க்கு என் விசாரிப்பு. உங்கள் உடம்பு உழைத்த உடம்பு, அது நூறு வருஷம் ஓடட்டும்.

இப்படிக்கு,
லோவல் (இனிமேல் கிம்மல்)

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று, உங்கள் வாசல் தபால் பெட்டியிலேயே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று வேனை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி வந்தேன். இப்போது உங்கள் கடைக்கு எதிரே நிறுத்தி, உறையின் முதுகில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போர்டைப் பார்த்தேன். 'டெஸ்டால்' அப்படியே வெளிறித்தான் கிடக்கிறது. 'அண்ட் சன்' மட்டும் சுத்தமாகத் தேய்த்து, புது சிவப்பில், கொஞ்சம் கோணலாக எழுதியிருக்கிறீர்கள். எண்பத்தாறு வயதில், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல்! உங்களுக்கு அறிவு இருக்கிறதா மாமா? எனக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். காபி டப்பாவைத் தேடி எடுத்து வையுங்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். ஏணிப் பக்கம் மட்டும் போகாதீர்கள், உங்கள் பெயருக்கு நான் பூசுகிறேன். இதோ கதவைத் தட்டப் போகிறேன்.

லோவல் டெஸ்டால்