அப்பா வார்த்த கடல் எடை

கடலில்லாத ஊரில் பிறந்தவர்கள் கடலாராய்ச்சி செய்யக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் நான் இவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டேன்.

கரையோரக் கடலில், மேலே இருக்கும் சூடான நீருக்கும் அடியிலுள்ள குளிர்ந்த நீருக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஓதம் ஒன்று அலைபோல ஏறி இறங்கும். அதன் ஆற்றலை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. ("தெரியாததை எப்படிம்மா அளப்ப?" என்று அரியலூர் பஸ்ஸில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.) நீண்ட கயிற்றில் வெப்பமானிகளை வரிசையாகக் கட்டி, மேலே மிதவையும் கீழே கனமான எடையும் வைத்துக் கடலில் இறக்குவோம். திரும்ப எடுக்கும்போது எடையை மட்டும் அடியிலேயே விட்டுவிடுவோம். அதுவரை அது நகரவே கூடாது.

இரும்பு எடை வாங்கப் போகிறேன் என்றதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். என் படிப்பில் அவருக்குப் புரிந்த ஒரே பொருள் அந்த எடைதான்.

"நம்மூரு சிமெண்டு இருக்கறப்ப இரும்பு எதுக்கு பாப்பா? நான் வாத்துத் தரேன்."

கம்பி கட்டி, வார்த்து, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, வண்டியில் ஏற்றி அவரே கூட வந்தார். தராசில் இரும்புக்குச் சமமாகத்தான் நின்றது. படகு கிளம்பியபோது கரையில் நின்று கும்பிட்டார்.

தண்ணீருக்குள் கான்கிரீட் கிட்டத்தட்டப் பாதி எடையை இழந்துவிடும். இரும்பு அவ்வளவு இழக்காது. பள்ளிக்கூடப் பாடம். முனைவர் பட்ட மாணவிக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

பருவம் முடிந்து கருவிகளை எடுத்து நான் வரைந்த வரைபடத்தைப் பார்த்து என் வழிகாட்டி அசந்துபோனார். அப்படியொரு அலையை அவர் கண்டதேயில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் மிதவை கிடைத்த இடத்தை விசாரித்தார். எடை ஆழத்தை நோக்கி இழுபட்டுப் போயிருந்தது. கூடவே வெப்பமானிகளும் குளிர்ந்த நீருக்குள் இறங்கியதுதான் வரைபடத்தில் அலையாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பருவம் முழுக்க, அப்பாவின் கல் போன ஊர்வலத்தை நான் அளந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"கல்லு நின்னுச்சா பாப்பா?"

"அசையலப்பா."

"அசையலையாம்!" என்று அங்கிருந்தே அம்மாவிடம் கத்திச் சொன்னார். போனை வைத்ததும் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்த பருவம் இரும்போடு நான் கடலுக்குப் போனபோது அப்பா உயிரோடு இல்லை. பட்டம் வாங்கிய அன்று எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

இப்போதும் வீட்டில் யாராவது பிடிவாதம் பிடித்தால், "அப்பா வாத்த கல்லு இது, கடலே வந்தாலும் நவுராது" என்று அண்ணன் கிண்டலடிப்பான். எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்புவாள்.

"இன்னும் அங்கயேதான நிக்குது?"

"அங்கயேதாம்மா."