சர்வேயர் அண்ணாச்சி பாஸ் பண்ணிய ஒரே பெட்டி

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த அன்று சர்வேயர் அண்ணாச்சி பக்கத்தில் நின்றிருந்தால், நாம் யாரும் இன்னும் இங்கே குடியேறியிருக்க மாட்டோம். கையில் டார்ச்சோடு ஒரு சுற்று வந்து, கடலில் உப்பு ஜாஸ்தி, மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, இதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லியிருப்பார். போகிற போக்கில் நிலாவில் இருக்கும் கறையைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டமும் போட்டிருப்பார்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலேறும் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்யும் கம்பெனியில் எனக்கு உத்தியோகம். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் காலி கண்டெய்னர்களைச் சோதித்துச் சொல்வது அண்ணாச்சியின் உத்தியோகம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மகளின் கல்யாணப் பத்திரிகையில் அதை அச்சடித்துக் கொடுத்தார். யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு விசேஷம் என்று நினைத்து எங்கள் ஆபீசில் பாதிப் பேர் போகாமல் இருந்துவிட்டார்கள்.

அவர் சோதிக்கும் விதம் எளிமையானது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கண்டெய்னருக்குள் போவார். கதவுகளைச் சாத்தச் சொல்வார். உள்ளே கும்மிருட்டு. நிதானமாக நின்று சுற்றிலும் பார்ப்பார். எங்காவது ஊசிமுனை அளவுக்கு வெயில் எட்டிப் பார்த்தால் போச்சு. சாக்பீஸை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவார்.

"வெளிச்சம் வருத எடத்துல தண்ணி வரும்லே. தண்ணி வந்தா சரக்கு போச்சு." இதுதான் அவருடைய மொத்தத் தத்துவம். என் அலமாரியில் கனமான தத்துவப் புத்தகங்கள் பல இருக்கின்றன. எதுவும் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.

இதை அவர் துறைமுகத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது. ஓய்வு பெற்ற பிறகு ஊரில் இருந்த எல்லாமே அவருக்குக் கண்டெய்னர் ஆகிவிட்டது. வாடகைக்கு வீடு பார்க்கும் நண்பர்களோடு கூடவே போவார். நடுமத்தியானத்தில் எல்லா ஜன்னல்களையும் சாத்தச் சொல்லி, இருட்டில் நடுக்கூடத்தில் நிற்பார். வீட்டுக்காரர் அலறிக்கொண்டு வந்து, ஜெபக்கூட்டமா மந்திரவாதமா என்று விசாரிப்பார். நாங்கள் புது ஃபிரிட்ஜ் வாங்கியபோது தலையை உள்ளே விட்டு, கதவைச் சாத்து என்றார். என் மனைவி சாத்தவில்லை. அதனால் அந்த ஃபிரிட்ஜுக்கு இன்றுவரை அவருடைய கையெழுத்து கிடைக்கவில்லை. நன்றாக ஓடுகிறது.

சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சாக்பீஸ் இருக்கும். திருமண மண்டபத்துச் சுவர், பஸ் கண்டக்டரின் விசில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று அவருடைய வட்டம் விழாத பொருள் குறைவு. எதையும் அவர் நல்லது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ஓட்டலில் இரண்டாம் முறை கேசரி வாங்கிச் சாப்பிடுவார். எப்படி இருக்கு அண்ணாச்சி என்றால், "குறை சொல்லுத அளவுக்கு இன்னும் தேடல" என்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் கார் பார்க்க அழைத்துக்கொண்டு போனேன்.

காரணம் இருந்தது. எங்கள் பழைய கார் மனோதர்மப்படி ஓடும் வண்டி. மைத்துனன் நாசரேத்தில் கட்டிய புது வீட்டின் பிரதிஷ்டைக்குப் போகும்போது குரும்பூர் தாண்டியதும் அது தியானத்தில் அமர்ந்துவிட்டது. பட்டுச்சேலை கட்டிய என் மனைவி, வாழைஇலைக் கட்டுகள் ஏற்றிய குட்டியானை வேன் ஒன்றில், இலைக்கட்டோடு இலைக்கட்டாகப் போய்ச் சொந்தபந்தம் அத்தனைக்கும் முன்னால் இறங்கினாள். பந்திக்கு இலை வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை; அண்ணாச்சி அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபத்தை உடனே காட்ட மாட்டாள். மதிப்பெண் போட்டு வைத்துக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் தீர்ப்பு வந்தது. கிறிஸ்துமஸுக்கு அதே வாசலில் அவள் புதுக் காரில் இறங்கியாக வேண்டும். அதற்குள் நான் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், மைத்துனன் சொல்லும் வண்டிதான். மைத்துனன் சொன்ன வண்டியைப் படத்தில் பார்த்தேன். எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் திரும்பி வர இடம் போதாது. நான் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் மாதத் தவணை பாக்கி இருக்கும்.

ஆகவே நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆபீசில் ஒருவர் மைலேஜ்தான் முக்கியம் என்றார். இன்னொருவர் மறுவிற்பனை மதிப்பு என்றார். வாங்குவதற்கு முன்னாலேயே விற்பதைப் பற்றி யோசிக்கும் அவரை எனக்குப் பிடித்திருந்தது. யூடியூபில் தாடி வைத்த ஒருவர் காரின் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, அந்தச் சத்தத்திலேயே அதன் குணநலனைச் சொன்னார். ஒரு மாத முடிவில், கார்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எதை வாங்குவது என்பது மட்டும் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் கடைகளில் தொங்க ஆரம்பித்துவிட்டன. அந்த மனநிலையில்தான் டீக்கடையில் அண்ணாச்சியிடம் வாயை விட்டேன்.

"உங்களுக்குக் கார் பத்தித் தெரியுமா அண்ணாச்சி?"

"ஓட்டத் தெரியாது. ஆனா கார்னா என்னலே? சக்கரம் வெச்ச பொட்டி. பொட்டி எனக்குத் தெரியும்."

பாளையங்கோட்டை ரோட்டில் இருந்த ஷோரூமுக்கு நானும் மனைவியும் அண்ணாச்சியும் போனோம். எங்கள் பட்ஜெட்டை ஒட்டி, பின்பக்கம் டிக்கி தனியாக நீண்ட ஒரு வண்டியை விற்பனையாளர் காட்டினார். டை கட்டிய, பணிவான மனிதர். இன்ஜின், ஏர்பேக் என்று அவர் ஆரம்பிக்கும்போதே அண்ணாச்சி ஷோரூம் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். என் மனைவிக்கு அவரைத் தெரியும் என்பதால், வாரண்டி எத்தனை வருஷம், சர்வீஸ் எங்கே, ஸ்பேர் பார்ட்ஸ் விலை என்ன என்று அவள்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில், யாருக்கும் தேவைப்படாத தலையசைப்புகளைச் செய்துகொண்டு நின்றேன்.

ஓட்டிப் பார்ப்பதற்காகவே வைத்திருந்த டெமோ வண்டி வெளியே வேப்பமர நிழலில் நின்றது. அண்ணாச்சி அதை விரலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறலைக் கண்டுபிடித்து, பளபளக்கும் நீலத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் போட்டார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்த மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணாச்சி டிக்கியைத் திறக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் ஒல்லி, மடக்குக் கட்டில்போல மடங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

"மூடுங்க தம்பி."

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அவர் மூடினார்.

சரியாக அந்த நேரத்தில் மேனேஜர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சாக்பீஸ் விவகாரம். அழியக்கூடியதுதான் என்று விளக்கி, அவர் மேஜைமேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு என் கைக்குட்டையால் துடைத்தும் காட்டி, சமாதானப்படுத்திவிட்டு வெளியே வந்தோம். வேப்பமரம் இருந்தது. நிழல் இருந்தது. நிழலில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

வண்டி இல்லை.

திரேஸ்புரத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தாராம். இன்னொரு விற்பனையாளர் அவர்களை அந்த வண்டியில் ஏற்றி டெஸ்ட் டிரைவ் அழைத்துப் போய்விட்டார். டை கட்டியவர் அவருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மனைவி செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி எங்க?"

"டெஸ்ட் டிரைவ் போயிருக்காரு."

"அவருக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"ஓட்டல," என்றேன். "சரக்கா போயிருக்காரு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. வயசான மனிதர், பூட்டிய டிக்கி. அண்ணாச்சியின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏலே, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லலே." குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "சுத்தமா இல்ல. இப்படி ஒரு பொட்டிய நான் பாத்ததே கெடையாது."

"அண்ணாச்சி, வண்டி ஓடிக்கிட்டு இருக்கு."

"அது தெரியாமலா? ரெண்டாம் கேட்டுத் தண்டவாளம் இப்பத்தான் தாண்டுச்சு. இடுப்பு அப்படியேதான் இருக்கு. ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்கு."

"மூச்சு வருதா?"

"அது வருது."

"அப்ப தட்டுங்க அண்ணாச்சி. பலமாத் தட்டுங்க. நிறுத்திருவாங்க."

கோயிலுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"தட்டப்பிடாதுலே. பின்னால ஏதோ சத்தம் வருது, வண்டில கோளாறுன்னு நெனச்சு அந்தக் குடும்பம் எடுக்காமப் போயிரும். ஒரு குத்தமும் இல்லாத பொட்டிமேல நான் பழி போடவா?"

ஆயுள் முழுக்க எல்லாவற்றிலும் குற்றம் கண்ட மனிதர், குற்றமில்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததும் அதன் மானத்தைக் காப்பாற்ற இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தார்.

எங்கள் பழைய கார் வழக்கம்போல் கிளம்ப மறுத்தது. ஆட்டோவில் ஏறினோம். டை கட்டியவர் அண்ணாச்சியின் செருப்பை இரண்டு கையிலும் ஏந்தியபடி முன்னால் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். நான் போனை வைக்கவில்லை. அண்ணாச்சி நேரடி வர்ணனை கொடுத்துக்கொண்டே வந்தார்.

"வண்டி நின்னுட்டு. மீன் ஏலம் போடுத சத்தம் கேக்கு. திரேஸ்புரம்தான். ஆனா வாடையே வரலலே. திரேஸ்புரத்துக்குள்ள நின்னுக்கிட்டு ஒரு பொட்டிக்குள்ள வாடை வரலைன்னா பாத்துக்க."

மூச்சு வருகிற வழியாக வாடை ஏன் வரவில்லை என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

நாங்கள் போய் இறங்கியபோது படகுக்காரர் தன் ஐஸ் பெட்டி டிக்கியில் பிடிக்குமா என்று பார்ப்பதற்காகச் சாவியைக் கையில் எடுத்திருந்தார். ஓடினேன். அதற்குள் திறந்துவிட்டார். உள்ளே அண்ணாச்சி, முகத்தில் போன் வெளிச்சத்தோடு, முழங்காலும் தாடையும் ஒட்டிய நிலையில், ஆனந்தமாகப் படுத்திருந்தார். படகுக்காரரின் மனைவி மாதாவைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். படகுக்காரர் அசையவில்லை. கடலில் எத்தனையோ பார்த்தவர். நிதானமாக விற்பனையாளர் பக்கம் திரும்பினார்.

"இவுரு வண்டியோட வாராரா, தனியாத் துட்டு குடுக்கணுமா?"

நாங்கள் கைகொடுத்து அண்ணாச்சியை வெளியே எடுத்தோம். டை கட்டியவர் காலடியில் செருப்பை வைத்தார். அண்ணாச்சி முதுகை நிமிர்த்தி, சட்டையை உதறி, படகுக்காரரிடம் சொன்னார்:

"சுத்தமான வண்டி. தைரியமா எடுங்க."

என் மனைவியின் கண்கள் விரிந்தன. அவளுக்கு அவரை எத்தனை வருஷமாகத் தெரியும். அவள் அவருக்குப் போட்டுக் கொடுத்த காபியெல்லாம் இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது.

படகுக்காரர் அங்கேயே நின்று, இதே மாடலில் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். டை கட்டியவர் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொடுக்கும்படியாகக் கையில் இருந்த புது வண்டி படகுக்காரர் கேட்ட அது ஒன்றுதான். நாங்கள் பதிவு செய்தால் பொங்கலுக்குத்தான் கிடைக்கும். வாழைஇலைக் கட்டின் மணம் எனக்கு மறுபடி வந்தது. நம் அண்ணாச்சியே நம் காரைத் தூக்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டாரே என்று அவரை முறைத்தேன்.

அண்ணாச்சிக்கு ஒரு பதற்றமும் இல்லை.

"அவரு எடுக்குதது வேற பொட்டிலா. அத நான் பாக்கல. நான் பாத்தது இது." டெமோ வண்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். "பேரு ஒண்ணுன்னா பொட்டியும் ஒண்ணாயிருமா? கையெழுத்து இதுக்குத்தான்."

"அது டெமோ வண்டி சார், நாலு பேர் ஓட்டினது," என்றார் டை கட்டியவர். "விக்கிறதுன்னா விலையைக் குறைச்சுத்தான் குடுப்போம்."

என் மனைவி சாவிக்குக் கை நீட்டினாள். என் ஆராய்ச்சி முடிவை யாரும் கேட்கவில்லை. அவளே ஓட்டினாள். அண்ணாச்சி இந்த முறை முன்சீட்டில். பின்சீட்டில் நானும் டை கட்டியவரும். ரெண்டாம் கேட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் ஏற்றி இறக்கினாள். ஷோரூம் வாசலில் நிறுத்தி, வாரண்டி இதற்கும் உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

"அவரு வாயால நல்லாருக்குன்னு ஒண்ணத்தச் சொல்லியாச்சு. இனிமே சொல்லுவாரோ என்னமோ. இதையே எடுத்துருவோம்."

கிறிஸ்துமஸ் அன்று நாசரேத்தில், வாசல் நிறைய ஜனம் நிற்க, அவள் நீலக் காரிலிருந்து இறங்கினாள். இறங்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பாமாலைப் பாட்டை முழுக்கப் பாடி முடித்திருக்கலாம். மைத்துனன் வண்டியைச் சுற்றி வந்தான். பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"என்ன அத்தான் இது, வெள்ளையா வட்டம்?"

டெலிவரிக்கு முன்னால் ஷோரூம்காரர்கள் அதைத் துடைத்திருந்தார்கள். அண்ணாச்சி வந்து மறுபடி போட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல பெட்டிதான், அதற்காக இருக்கிற கீறலை இல்லையென்று சொல்ல முடியாதாம்.

இப்போது அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வாரம் தவறாமல் போன் செய்வார். "இங்கன எதுவுமே துருப்பிடிக்க மாட்டேங்குலே, என்ன ஊரோ" என்று அலுத்துக்கொள்வார். கார் இதுவரை எங்கள் யாரையும் வழியில் இறக்கிவிட்டதில்லை என்பதைச் சொன்னால், அது தெரிந்த விஷயம்தானே என்பார். என் உடம்பைப் பற்றி விசாரிக்க மாட்டார். "வட்டம் இருக்கா?" என்பார்.

இருக்கிறது அண்ணாச்சி. உப்புக்காற்றுக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியைக் கழுவுகிறேன். அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறேன். மழையில் அழிந்துபோனால், நான் கேட்காமலே உங்கள் டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டுகிறாள்.