நுனியில அளந்தவன்

சுவிஸ் பாஸ்போட் கிடைச்ச கையோட எல்லாரும் லண்டனுக்குப் போய் வந்தினம். நான் ஆரா நகரத்தில துவக்குச் சுடுற கிளப்பிலை சேர்ந்தன். நாலு வருசம்! பத்து வெடிக்குத் தொண்ணூறு புள்ளி எடுத்தா மெடல். நான் எண்பத்தேழைத் தாண்டினதில்லை. பிழை என்னிலை இல்லை, கடைத் தோட்டாவிலைதான். இனி என்ர தோட்டாவை நானே செய்யிறது எண்டு சபதம் எடுத்தன்.

வீட்டுக்குக் கீழ இருக்கிற கெல்லருக்குள்ள மேசை போட்டன். பித்தளைக் கோதுக்குள்ள வெடிமருந்தை நிரப்பி, மேல சன்னத்தை, அதுதான் பாயிற குண்டை, வைச்சு மெசினால இறுக்கினன். சன்னம் எவ்வளவு ஆழம் இறங்குது எண்டதிலதான் எல்லாம் இருக்கு. அடியிலயிருந்து நுனி வரைக்கும் அளந்தா, ஒண்டு கூட, ஒண்டு குறைய. ஒவ்வொண்டுக்கும் மெசினைத் திருகி ஆழத்தை மாத்தினன்.

என்ர மனுசி மதுஜா எட்டிப் பாத்தா. ஷ்லீரனில ஒரு பக்டறியில வால்வு அளக்கிறவ.

"என்னப்பா, நுனியிலயோ அளக்கிறீங்கள்?"

"பின்ன வாலிலயோ?"

"நுனி ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி நசிஞ்சிருக்கு. குழலுக்குள்ள முட்டுறது நுனியில்லை, கீழ இந்தத் தடிச்ச இடம். அதிலை ஒரு வளையத்தைக் கொழுவி அளவுங்கோ. மெசின் சரி. நீங்கள் திருகித்தான் பிழைச்சது."

எனக்குச் சுள்ளெண்டு வந்திட்டுது.

"உமக்கு வால்வு தெரியும். துவக்குத் தெரியுமோ?"

"அப்ப பந்தயம். உங்கட அளவில பத்து, என்ர அளவில பத்து. நீங்களே சுடுங்கோ. தோத்தா ஒரு வருசத்துக்கு உடுப்புத் தோய்க்கிறது நீங்கள்."

"வெண்டா கெல்லர் முழுக்க எனக்கு!"

புதன்கிழமை ஆளுக்குப் பத்துத் தோட்டா செய்தம். என்ர தோட்டா சிவப்புப் பெட்டி, அவவின்ர நீலம். சனிக்கிழமை காலமை அவ குளிக்கப் போனா. வாய் வீரம் பேசினாலும் மனசுக்குத் தெரியும், அவ சொன்னதுதான் சரி. ரெண்டு பெட்டித் தோட்டாவையும் மெல்ல இடம் மாத்திப்போட்டன். கடவுள் மன்னிக்கட்டும்.

திடலிலை சிவப்பைச் சுட்டன். தொண்ணூற்றிமூண்டு!

"பாத்தீரோ என்ர அளவை!"

"ஓமப்பா, கெட்டிக்காரன்தான். நீலத்தையும் சுடுங்கோ."

இப்ப நீலத்துக்குள்ள கிடக்கிறது என்ர தோட்டா. சிதறும் எண்டு நம்பிச் சுட்டன். தொண்ணூற்றாறு!

"நீலம் வெண்டிட்டுது," எண்டா மதுஜா.

"பொறும், பொறும்!" துள்ளினன். "நீலத்துக்குள்ள கிடந்தது என்ர தோட்டா! காலமை நான்தான் மாத்தினனான்!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னன் எண்டு எனக்கே விளங்கிச்சு.

"மாத்துவீங்கள் எண்டு தெரியும்," எண்டா அவ. "அதாலை வியாழக்கிழமையே உங்கட பத்தையும் கழட்டி, என்ர அளவில திருப்பி இறுக்கிப்போட்டன்."

வெக்கம் ஒரு பக்கம். ஆனா தொண்ணூற்றாறு! சத்தியமாச் சொல்லுறன், சந்தோசம் தாங்கேல்லை. அவவின்ர கையைப் பிடிச்சன்.

"மதுஜா, அடுத்த மாசம் மெடல் எனக்குத்தான்!"

"ஓம், கட்டாயம் கிடைக்கும். சேட்டிலையிருந்து அதைக் கழட்டிப்போட்டுத் தோயுங்கோ. தோய்க்கிற மெசின் பழுதாப் போயிடும்."